புளி போட்டுத் தேய்த்தால் போச்சு! - 200 வருட அமெரிக்க செம்பு சென்ட்டை மதிப்பிடுவது எப்படி?

வீட்டில் செம்புக் குடம் கறுத்துப்போனால் அம்மா என்ன செய்வார்? எலுமிச்சை அளவு புளி, ஒரு கைப்பிடி உப்பு. தேய்க்கிற தேய்ப்பில் குடம் புதுசு போல மின்னும். குடத்துக்கு அது சரி. ஆனால், 1793-ல் அமெரிக்காவில் அடித்த ஒரு செம்புக் காசு உங்கள் கைக்கு வந்து, 'ஐயோ, இவ்ளோ அழுக்கா இருக்கே' என்று அதே புளியை எடுத்தீர்கள் என்றால் போச்சு. அரை நிமிடத்தில் சில லட்ச ரூபாய் சிங்க்குக்குள் போய்விடும். திரும்ப வராது.

பழைய நாணயம் சேர்ப்பவர்களிடம் கேட்டால், 'வெள்ளியும் தங்கமும் மன்னிக்கும், செம்பு மன்னிக்காது' என்கிற ரீதியில்தான் பேசுவார்கள். அதனால்தான் அமெரிக்காவின் முதல் 65 ஆண்டு செம்பு சென்ட்களைச் சேர்ப்பவர்கள் தனி ரகம். ஒரு காசைக் கையில் எடுத்தால், நகைக்கடைக்காரர் வைரத்தைப் பார்ப்பதுபோல லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு காசு 12 மதிப்பெண்ணா, 15 மதிப்பெண்ணா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். இன்று உலகம் முழுக்க, நம் ஊர் நாணயங்கள் உட்பட, காசுகளுக்குத் தரம் போடும் 70 மதிப்பெண் அளவுகோல் பிறந்ததே இந்தச் செம்பு சென்ட்களுக்காகத்தான்.

அந்த அளவுகோல் எப்படி வந்தது, நீங்களே எப்படி ஒரு காசுக்குத் தரம் போடலாம், எங்கே ஏமாறுவோம்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சின்ன சென்ட்டின் பெரிய அண்ணன்

2025 நவம்பரில் ஒரு செய்தி படித்திருப்பீர்கள். புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் நாணயத்தை அமெரிக்கா ஃபிலடெல்ஃபியாவில் அடித்து முடித்தது. அந்தக் கதை தொடங்கியதும் அதே ஊரில்தான்.

1792 ஏப்ரல் 2-ம் தேதி நாணயச் சட்டம் நிறைவேறியது. ஃபிலடெல்ஃபியாவில் நாணயச்சாலை வந்தது. 1793 மார்ச் 1 அன்று முதல் தவணையாக 11,178 செம்பு சென்ட்கள் வெளியே வந்தன. லிங்கன் முகம் போட்ட, நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இன்றைய சென்ட் அல்ல அது. கிட்டத்தட்ட நம் 10 ரூபாய் நாணயத்தின் அகலம். எடையோ 13.48 கிராம். இன்றைய சென்ட்டின் எடை 2.5 கிராம்தான். ஐந்து மடங்குக்கும் மேல்! 'லார்ஜ் சென்ட்' என்று சேகரிப்பாளர்கள் கூப்பிடுவது அதனால்தான்.

செம்பு விலை ஏறியதும் 1795 கடைசியில் எடையை 10.89 கிராமாகக் குறைத்தார்கள். அந்த எடை 1857 வரை மாறவில்லை. 10.89 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போலியைப் பிடிக்கும்போது உதவும்.

1857-ல் அரசு இந்தப் பெரிய சென்ட்டை நிறுத்தி, சிறிய சென்ட்டைக் கொண்டுவந்தது. 'இனி இது கிடைக்காது' என்றதும் மனிதர்களுக்கு வருமே ஓர் ஆசை, அது வந்தது. சின்ன வயதில் கையில் வைத்து விளையாடிய காசை வருடத்துக்கு ஒன்றாகச் சேர்த்துவைக்கக் கிளம்பினார்கள். அமெரிக்காவில் நாணய சேகரிப்பு பெரிய பொழுதுபோக்காக மாறியது அந்தச் சமயத்தில்தான்.

ஏழு முகங்கள்

ஒவ்வொரு வகையிலும் 'லிபர்டி' என்ற சுதந்திர தேவிதான் தலைப் பக்கம். ஆனால் அவர் கெட்டப் மாறிக்கொண்டே இருக்கும். சுருக்கமாக:

1. சங்கிலி சென்ட் (1793): பின்பக்கம் 15 மாநிலங்களைக் குறிக்கும் 15 வளையங்கள் கொண்ட சங்கிலி. மொத்தம் அடித்ததே 36,103. 'சுதந்திர நாட்டுக் காசில் சங்கிலியா? அந்த அம்மா முகத்தைப் பாருங்கள், பயந்துபோன மாதிரி இருக்கிறது' என்று அன்றைய பத்திரிகையிலேயே கேலி செய்தார்கள். சில வாரங்களில் சங்கிலி காலி.

2. இலை வளைய சென்ட் (1793): சங்கிலிக்குப் பதில் இலை வளையம். இதுவும் அந்த ஒரே வருடம்தான்.

3. லிபர்டி கேப் (1793-1796): கம்பில் மாட்டிய தொப்பியோடு தேவி. அந்தத் தொப்பி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதன் அடையாளம்.

4. டிரேப்டு பஸ்ட் (1796-1807): தலையில் ரிப்பன், தோளில் துணி.

5. கிளாசிக் ஹெட் (1808-1814): இந்த வருடங்களின் செம்பு மென்மையானது, சீக்கிரம் கறுத்துவிடும். நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம்.

6. கொரோனெட் ஹெட் (1816-1839): கிரீடம் வைத்த, கொஞ்சம் முதிர்ந்த முகம்.

7. பிரெய்டட் ஹேர் (1839-1857): பின்னிய கூந்தல். ஏழில் எளிதாகக் கிடைப்பது இதுதான்.

1793 முதல் 1857 வரை எல்லா வருடமும் சென்ட் உண்டு, ஒன்றைத் தவிர. 1815 என்று தேதி போட்ட சென்ட்டே கிடையாது. காரணம், போர். காசு அடிப்பதற்கான வெற்றுச் செம்பு வில்லைகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. 1812-ல் அதே இங்கிலாந்தோடு போர் மூண்டதும் வரத்து நின்றது. கையிருப்பு தீர்ந்தது. யாராவது உங்களிடம் 1815 சென்ட் விற்க வந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஒரு காசு போல இன்னொன்று இல்லை

இன்று எல்லா நாணயமும் ஒரே வார்ப்பில் வந்ததுபோல இருக்கும். அன்று அப்படி இல்லை. காசு அடிக்கும் எஃகு அச்சை ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் செதுக்கினார். எழுத்து, எண், இலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்துப் பதித்தார். ஓர் அச்சு சில ஆயிரம் காசுகளில் விரிசல் விட்டுவிடும். உடனே இன்னொன்று செதுக்க வேண்டும். அது முதலாவதைப் போலவே இருக்குமா? இருக்காது.

அதனால் வந்ததுதான் சேகரிப்பாளர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் 'அச்சு வகை'. 1794 என்ற ஒரே வருடத்தில் மட்டும் 50-க்கும் மேற்பட்ட வகைகள். அதில் ஒன்றின் பின்பக்க விளிம்பைச் சுற்றி, பற்களுக்கு நடுவே, 94 குட்டி நட்சத்திரங்கள் ஒளிந்திருக்கின்றன! 1877-ல்தான் ஒருவர் கண்ணில் அது பட்டது. ஏன் பதித்தார்கள் என்பதற்கு இன்றுவரை உறுதியான பதில் இல்லை.

தப்புகளும் உண்டு. 1801 சென்ட்டில் ஒரு வகைக்கு 'மூன்று பிழை' என்றே பெயர். நூற்றில் ஒன்று என்று 1/100 போட வேண்டிய இடத்தில் 1/000. யுனைடெட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து இரண்டு கோடுகளாக நிற்கிறது. இலை வளையத்தின் ஒரு பக்கத் தண்டையே காணோம். ஒரு டாலரில் 'சைபரில் ஒரு பங்கு' மதிப்புள்ள காசை ஓர் அரசாங்கமே அடித்து வெளியிட்டிருக்கிறது. நம்ம எக்ஸாம் பேப்பர் தப்பெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இந்த வகைகளுக்கு வரிசை எண் உண்டு. 1793 முதல் 1814 வரையிலான காசுகள் எஸ்-1 முதல் எஸ்-295 வரை போகும். அந்த 'எஸ்' யார் என்றால், ஷெல்டன். கதையின் ஹீரோவும் வில்லனும் அவரே.

ஜிம்மில் நீங்கள் கேட்ட அதே ஆள்தான்

ஜிம்முக்குப் போகிறவர் என்றால் 'எக்டோமார்ஃப், மீசோமார்ஃப், எண்டோமார்ஃப்' என்று டிரெய்னர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மனித உடலை இப்படி மூன்று ரகமாகப் பிரித்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். உடல்வாகை வைத்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற அவருடைய கோட்பாட்டை இன்று அறிவியல் ஏற்பதில்லை. ஆனால் அவர் காசுக்குப் போட்ட மதிப்பெண் இன்னும் உயிரோடு இருக்கிறது.

1949-ல் ஆரம்பகால அமெரிக்க சென்ட்கள் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதினார். 1958-ல் அது திருத்தப்பட்டு 'பென்னி விம்ஸி' என்ற பெயரில் வந்தது. அதில் அவர் சொன்ன கணக்கு ரொம்ப எளிது. ஒரு வகைக் காசு, என்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. அதற்கு 1 மதிப்பெண். அதன் விலை 1 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதே வகைக் காசு, அச்சிலிருந்து நேற்று விழுந்ததுபோல அப்பழுக்கில்லாமல் இருந்தால் அன்றைய சந்தையில் அதன் விலை சுமார் 70 டாலர். எனவே, அதற்கு 70 மதிப்பெண். நடுவில் 20 மதிப்பெண் என்றால் 20 டாலர். தரமும் விலையும் ஒரே எண்!

'ஏன் 100 இல்லாமல் 70?' என்று குழம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். அது மதிப்பெண்ணாகப் பிறக்கவே இல்லை, விலை மடங்காகப் பிறந்தது. சந்தை கொஞ்ச வருடங்களில் அந்த விலைக் கணக்கை உடைத்துப் போட்டது. நல்ல காசுகளின் விலை எங்கோ பறந்தது. 2015-ல் ஒரு சங்கிலி சென்ட் 23,50,000 டாலருக்கு ஏலம் போனது. விலைக் கணக்கு செத்தாலும் 1 முதல் 70 வரையிலான எண் மட்டும் தங்கிவிட்டது.

நீங்களே தரம் போடலாம்... நான்கு படிகள்

எளிதாகக் கிடைக்கும் பின்னல் கூந்தல் சென்ட் ஒன்றை, உதாரணமாக 1850-களின் காசு ஒன்றை, எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: லென்ஸைத் தொடாதீர்கள். மேஜை மேல் மெத்தென்ற துணி விரியுங்கள். காசின் முகத்தைத் தொடாமல், இரண்டு விரலால் ஓரத்தைப் பிடியுங்கள். ஒரே ஒரு விளக்கு போதும். அதன் ஒளியில் காசை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். மொத்தத் தோற்றம் எப்படி? நிறம் ஒரே சீராக இருக்கிறதா, திட்டுத்திட்டாக இருக்கிறதா?

இரண்டாம் படி: மேடுகளைப் பாருங்கள். காசில் எது உயரமாக இருக்கிறதோ அதுதான் முதலில் தேயும். இந்த வகையில் காதுக்கு மேலுள்ள முடி, நெற்றிக்கு மேலுள்ள முடி, கிரீடத்தின் நுனி. பின்பக்கத்தில் இலைகளின் நடுநரம்பு. இவற்றை வைத்து எண் போடலாம்.

4 (குட்): உருவத்தின் வெளிக்கோடு இருக்கும், வருடம் படிக்கலாம், முடி விவரம் அநேகமாகப் போயிருக்கும்.
8 (வெரி குட்): கிரீடத்தில் லிபர்டி என்ற சொல் தெரியும், முடி கொஞ்சம் தெரியத் தொடங்கும்.
12 (ஃபைன்): முடி இழைகளில் ஏறக்குறைய பாதி தெரியும்.
20 (வெரி ஃபைன்): மூன்றில் இரண்டு பங்கு விவரம் இருக்கும்.
40 (எக்ஸ்ட்ரா ஃபைன்): எல்லா இழையும் தனித்தனியாகத் தெரியும், உச்சியில் மட்டும் லேசான தேய்மானம்.
50 (அபௌட் அன்சர்குலேட்டட்): புழங்கிய சுவடு மட்டும். பள்ளங்களில் புதுக்காசின் மினுமினுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும்.
60 முதல் 70 (மின்ட் ஸ்டேட்): தேய்மானமே கிடையாது. 70 என்பது குறையே இல்லாத காசு. இந்தக் காலத்துச் செம்பில் அதை ஏட்டில்தான் பார்க்கலாம்.

மூன்றாம் படி: இப்போது லென்ஸ். 5 முதல் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். மேல்பரப்பைத் தேடுங்கள். கீறல், விளிம்பில் அடிபட்ட நசுங்கல், புள்ளி புள்ளியாக அரித்த குழி, பச்சைக் களிம்பு. நம் ஆட்கள் 'களிம்பு ஏறிப்போச்சு' என்று செம்புப் பாத்திரத்தைச் சொல்வார்களே, அதேதான். பாத்திரத்தில் தேய்த்தால் போகும். காசில் அது உலோகத்தையே தின்றிருக்கும்.

நான்காம் படி: தேய்மானமா, பிறவிக் குறையா? புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அச்சு சரியாக அழுந்தாததால் அடிக்கும்போதே மழுங்கிப்போன காசுகள் ஏராளம். அதைத் தேய்ந்ததாக நினைத்துக் குறைத்துப் போட்டுவிடுவோம். ஒரு வழி சொல்கிறேன். மழுங்கிய இடத்துக்கு நேர் பின்னால், காசின் மறுபக்கத்தைப் பாருங்கள். அங்கும் மழுங்கியிருந்தால் பெரும்பாலும் அச்சு அழுந்தாத கோளாறுதான். தேய்ந்த இடம் வழவழவென்று, சுற்றியுள்ள பகுதியிலிருந்து நிறம் மாறித் தெரியும். அழுந்தாத இடம் அப்படித் தெரியாது.

20 போட்டு 12 வாங்கும் காசு

இப்போது ஒரு கேள்வி. முடியெல்லாம் தெளிவாக 20 மதிப்பெண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் காசு மண்ணில் கிடந்து முகமெல்லாம் அரித்துக் குழி. இதற்கு என்ன மதிப்பெண்?

இங்கேதான் இரண்டு கட்சி. 1967-ல் தொடங்கப்பட்ட 'எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ்' என்ற சேகரிப்பாளர் சங்கத்தின் வழி, கழித்துப் போடுவது. முதலில் விவரத்துக்கு 20. பிறகு அரிப்புக்காகக் கழித்து, 'நிகர மதிப்பெண் 12' என்பார்கள். 20-ன் கூர்மை, 12-ன் விலை. கூடவே மேல்பரப்பையும் மூன்றாகப் பிரிப்பார்கள். சிறந்தது, சராசரி, மூன்றாவதாக 'ஸ்கட்ஸி'. சென்னைத் தமிழில் சொன்னால் 'டொக்கு'.

இன்னொரு கட்சி, 1986-ல் வந்த பி.சி.ஜி.எஸ், 1987-ல் வந்த என்.ஜி.சி போன்ற தரச்சான்று நிறுவனங்கள். காசை வாங்கிப் பார்த்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்துத் தருவார்கள். பெரிய குறை இருந்தால் எண் போடாமல் 'டீடெய்ல்ஸ்' என்று எழுதிக் குறையைச் சொல்லிவிடுவார்கள். செம்பு என்றால் நிறத்தையும் எழுதுவார்கள். பிறந்த சிவப்பு 95 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் 'ரெட்', 5 சதவிகிதத்துக்குக் கீழே போனால் 'பிரவுன்', நடுவில் இருந்தால் 'ரெட் பிரவுன்'.

ஒரே காசுக்கு பிளாஸ்டிக் பெட்டியில் பெரிய எண்ணும், சங்கத்து ஆட்களிடம் சின்ன எண்ணும் கிடைப்பது சகஜம். அதனால்தான் அனுபவசாலிகள் எல்லோரும் சொல்லும் ஒரே பாடம்: பெட்டி மேலிருக்கும் எண்ணை வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் காசை வாங்குங்கள்.

காசை மாற்றிய கை

ஷெல்டனை வில்லன் என்று சொன்னேன் இல்லையா? அந்தக் கதை இது.

நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியல் கழகம் இருக்கிறது. அருமையான செம்பு சென்ட் தொகுப்பு ஒன்று அங்கே நன்கொடையாக வந்து சேர்ந்திருந்தது. துறையின் பெரிய நிபுணர் என்பதால் ஷெல்டனுக்கு அங்கே தாராளமாக அனுமதி. அவர் 1977-ல் இறந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் கழகத்துக்கு விஷயம் தெரிந்தது. தட்டில் இருக்க வேண்டிய உயர்தரக் காசுகள் பலவற்றைக் காணோம். அந்தந்த இடத்தில் அதே வகையைச் சேர்ந்த, தரம் குறைந்த காசுகள் உட்கார்ந்திருந்தன. வகையும் சரி, எண்ணிக்கையும் சரி என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நல்ல காசுகள் ஷெல்டனின் சொந்தத் தொகுப்புக்குப் போய், அவரிடமிருந்து விலைக்கு இன்னொருவரிடமும் போயிருந்தன. 1990-களில் விவகாரம் நீதிமன்றப் படி ஏறியது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பழைய புகைப்படங்களை வைத்து! அந்தக் கீறல், இந்தப் புள்ளி, விளிம்பில் அந்தச் சின்ன நசுங்கல்... 200 வருடம் பல கை மாறிய காசுக்கு, அதன் குறைகள்தான் கைரேகை. 'ஒரு காசை இப்படிக் கூர்ந்து பாருங்கள்' என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவரை, அதேபோலக் கூர்ந்து பார்த்தவர்கள் பிடித்தார்கள்.

தரம் போடுவது ஏதோ பொழுதுபோக்கு விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். 12-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை வாங்குபவர் பார்க்கத் தெரியாமல் இருந்தால், பார்க்கத் தெரிந்தவர் அந்த இடைவெளியில் சம்பாதித்துவிடுவார். உங்களைக் காப்பாற்றப்போவது உங்கள் கண்தான்.

ஏன் தேய்க்கவே கூடாது?

செம்புக் காசு அச்சிலிருந்து வரும்போது இளஞ்சிவப்பு. காற்று பட்டுப் பட்டு அது தேன் நிறமாகி, பழுப்பாகி, நல்ல சாக்லேட் நிறத்துக்கு வரும். அந்தப் பழுப்பு அழுக்கு இல்லை. செம்பும் காற்றும் சேர்ந்து நெய்த மெல்லிய போர்வை. கீழே இருக்கும் உலோகத்தைக் காப்பதே அதுதான்.

புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் அமிலம். அவை அந்தப் போர்வையைக் கரைத்துவிடும். கீழே தெரிவது பழைய சிவப்பு அல்ல. பச்சைப் புண் போன்ற ஒரு ரோஸ் நிறம். அனுபவமுள்ள யாரும் ஒரு விநாடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். டூத் பேஸ்ட், பித்தளை பாலிஷ் என்றால் கூடவே ஆயிரம் மெல்லிய கீறல். மறுபடி பழுப்பாகும், ஆனால் ஒட்டாத சாயம் போல இருக்கும். ஒரு தடவை போன மேல்பரப்பு போனதுதான்.

விவரம் தெரிந்தவர்கள் செய்வது, நகைப்பட்டறையில் வைத்திருப்பதுபோல மிக மென்மையான முடித் தூரிகையால் தூசியைத் தட்டுவது மட்டும்தான். நீங்கள் புதியவர் என்றால் அதுவும் வேண்டாம். சும்மா இருங்கள்.

பத்திரப்படுத்த மூன்று விஷயம். ஒன்று, விரல் ரேகை. வியர்வை உப்பு செம்பில் நிரந்தரமாகப் பதியும். காசுக்கு மேல் குனிந்து பேசவும் கூடாது. எச்சில் துளி பட்டால் கரும்புள்ளி வரும். இரண்டு, மெத்தென்ற பி.வி.சி பிளாஸ்டிக் உறை. நாள்பட அதிலிருந்து பச்சைப் பிசுக்கு கசிந்து காசை அரிக்கும். மைலார் உறையோ, பருத்தி உள்ளுறையோ பயன்படுத்துங்கள். மூன்று, ஈரம். டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

போலியைப் பிடிக்க ஐந்து கேள்விகள்

1. காந்தம் இழுக்கிறதா? செம்பு ஒட்டாது. ஒட்டினால் இரும்பின் மேல் பூச்சு.

2. எடை என்ன? 1796-க்குப் பிந்தைய காசு என்றால் 10.89 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். ஆனால் 8 கிராம், 14 கிராம் என்று காட்டினால் உஷார்.

3. ஓரத்தில் என்ன இருக்கிறது? 1794 காசின் ஓரத்தில் 'நூறு சேர்ந்தால் ஒரு டாலர்' என்ற பொருளில் ஆங்கில எழுத்து ஓடும். பிற்காலக் காசுகளின் ஓரம் வெறுமையாக இருக்கும். ஓரத்தைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தால், அது இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்த பழைய நகல்.

4. வருடம் 1799-ஆ? மிக அரிய வருடம் அது. 1798 காசின் கடைசி எண்ணைச் சுரண்டி 9 ஆக்கும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. அந்த எண்ணைச் சுற்றி மட்டும் பரப்பு வேறு மாதிரி இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

5. அதே கீறல் இன்னொரு காசிலும் இருக்கிறதா? புதிய போலிகள் ஓர் அசல் காசிலிருந்து அச்சு எடுத்துச் செய்யப்படுகின்றன. அசலின் கீறலும் நசுங்கலும் அத்தனை நகலிலும் ஒரே இடத்தில் வரும். கைரேகை இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?

மதராஸ் கப்பலில் போன அண்ணன் தம்பி

'இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன?' என்கிறீர்களா? ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது.

1797 வாக்கிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு வெற்றுச் செம்பு வில்லைகளை அனுப்பியவர்களில் முக்கியமானவர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பக்கம் சோஹோ ஆலை நடத்திய மேத்யூ போல்டன். அதே போல்டன்தான் கிழக்கிந்திய கம்பெனிக்காக மதராஸ் ராஜதானியின் 10 காசு, 20 காசு செம்பு நாணயங்களை 1803-லும் 1808-லும் அடித்து அனுப்பினார். 1808-ம் ஆண்டுக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கடற்கரையைத் தாண்டுவதற்குள்ளேயே மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளைக் கடலிலிருந்து அள்ளினார்கள். மதராஸுக்கு வர வேண்டிய சில்லறை, 170 வருடம் மணலுக்கடியில் கிடந்தது.

அந்த மதராஸ் காசுக்கும் இன்று போடுவது அதே 1 முதல் 70 மதிப்பெண்தான். செம்பைப் பார்க்கப் பழகிய கண் இரண்டு ஊருக்கும் உதவும். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய காலணாவுக்கும்கூட.

எங்கிருந்து தொடங்கலாம்?

காசு வாங்கும் முன் கண்ணைப் பழக்குங்கள். பி.சி.ஜி.எஸ் நிறுவனத்தின் 'ஃபோட்டோகிரேடு' பக்கத்தை இலவசமாகவே போனில் பார்க்கலாம். ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் படம் இருக்கும். பிறகு பழைய ஏலப் படங்களை எடுத்து, மதிப்பெண் தெரியாதபடி விரலால் மறைத்து, நீங்களே ஓர் எண் சொல்லிப் பாருங்கள். தினமும் பத்துப் படம், ஒரு மாதம். ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில் கால்வாசி போதும்.

வாங்குவதென்றால் 1840, 50-களின் தேய்ந்த பின்னல் கூந்தல் சென்ட்டில் தொடங்குங்கள். சில பத்து டாலர்களில் கிடைக்கும். சுங்க விதிகளையும் அனுப்பும் செலவையும் முன்பே பார்த்துவிடுங்கள். சங்கிலி சென்ட் கனவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அரித்த 40-ஐவிட அரிப்பில்லாத 12 மேல் என்பதை மறக்காதீர்கள். அழகாக, சீராகத் தேய்ந்த காசு, நேர்மையாக வாழ்ந்து வயதான மனிதர் மாதிரி. யாருக்கும் பிடிக்கும்.

காசு கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது? ஒன்றுமே இல்லை. ஓரத்தைப் பிடியுங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், உறையில் போடுங்கள். புளி ரசத்துக்கு இருக்கட்டும்.